பங்க்குக்குப் பின்வீட்டுக் கிணறு

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று ராசிபுரத்தில் மகள் இந்துமதிக்குக் கட்டுச்சோறு விருந்து. ஏழாம் மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைத்து, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எல்லாச் சோறும் நன்றாக இருந்தன. கெட்டுப்போனது நான்தான்.

காலையில் இரண்டு தடவை குளித்துவிட்டுப் போனேன். இரண்டாவது தடவை சந்தன சோப்பு. புது வேட்டி, புதுச் சட்டை. பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் மூக்கைச் சுளித்தார். பிறகு இலையைத் தூக்கிக்கொண்டு நாலு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுப் பந்தலில் நின்றபோது ஒரு பெரியவர் பீடியை எடுத்தார். சம்பந்தி செங்கோடன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முன்சீட்டில் நின்று பேசினால் பின்படிக்கட்டில் தொங்குகிறவனுக்குக் கேட்கும். அந்தக் குரலில் சொன்னார்:

"மாமா, பீடிய உள்ள வைங்க. எங்க சம்பந்தி பக்கத்துல நிக்கறாரு. புடிச்சுக்கும்."

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறு என்ன செய்வான்.

இருபது வருஷமாகப் பெட்ரோல் பங்க்கில் வேலை. பெட்ரோல் போடுகிறவனாகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். என் மூக்குக்குப் பெட்ரோலும் பன்னீரும் ஒன்றுதான். யாராவது சொன்னால்தான் நாறுகிறேன் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ராசிபுரமே சொல்லிவிட்டது.

பெண் வீட்டுக்கு வந்தாயிற்று. அது போதும். காரில் வரும்போது என் மனைவி தெய்வானை என்னை முன்சீட்டில் உட்காரச் சொல்லி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்து குளித்துவிட்டு வந்து சொன்னாள், "அப்பா, குளிக்கற தண்ணி பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்கப்பா."

எங்களுக்குக் குடிக்கக் காவிரிக் குழாய்த் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கொல்லைக் கிணறு. இந்தக் கிணற்றைப் பற்றி நான் தெருவில் பேசாத பேச்சில்லை. எந்தக் கோடையிலும் வற்றாது, சோப்பு நுரை அள்ளும்.

"மாசமா இருக்கற பொண்ணுக்கு மூக்கு அப்படித்தான் கண்ணு. ஒண்ணு பத்தாத் தெரியும்" என்றேன்.

தெய்வானை வேறு தீர்ப்புச் சொன்னாள். "அவ மூக்குல ஒண்ணுமில்ல. உங்க சட்டைய குளிக்கற ரூம் கொடியில போடறீங்கல்லங்க, அதுதான். இன்னைலிருந்து சட்டை மாட்டுக் கொட்டாய்ல. நீங்களும் வெளித்தொட்டியிலயே குளிச்சுட்டு உள்ள வாங்க."

மாடு விற்று மூன்று வருஷம் ஆகிறது. கொட்டாய்க்கு இப்போது என் சட்டை குடிவந்திருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

சோப்பை மாற்றினேன். வேப்பிலை போட்ட பெட்ரோல் மாதிரி இருக்கிறேன் என்கிறாள் மகள்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று எனக்கு லீவு. பங்க் பக்கமே போகவில்லை. காலையில் குளித்தேன், மத்தியானம் குளித்தேன், சாயங்காலமும் குளித்தேன். ஒவ்வொரு தடவையும் தெய்வானை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் போகலீங்க" என்றாள். குளிக்கக் குளிக்க நாற்றம் கூடுகிற மனிதன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

இன்று காலை கிணற்றை எட்டிப் பார்த்தேன். வெயில் விழுந்த இடத்தில் தண்ணீர்மேல் பல நிறத்தில் ஒரு படலம். மழை நாளில் பங்க் தரையில் பார்ப்பது போல. மோட்டாரில் ஆயில் கசிகிறது என்று முடிவு செய்தேன். மெக்கானிக் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கும் பங்க்குக்கும் நடுவே ஒரே ஒரு மதில்சுவர். அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

சம்பந்தி மருமகளைப் பார்க்கக் கொய்யாப்பழமும் முறுக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். கால் கழுவக் கொல்லைக்குப் போனார். முகத்துக்குத் தண்ணீரை அள்ளியவர் அப்படியே நின்றார். கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார். மறுபடி அள்ளி முகர்ந்தார். பிறகு வீட்டுக்குள் இருந்த இந்துவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மிணி, துணியெல்லாம் எடுத்து வச்சுக்க. கெளம்பலாம்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஓடினேன்.

"சம்பந்தி, அது மோட்டார் ஆயிலுங்க. நாளைக்கு மெக்கானிக் வர்றாரு."

"முப்பது வருசம் வண்டியில தொங்குனவனுங்க நானு. ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் வாசம் தெரியாதுங்களா?"

"சட்டை வாசமுங்க அது."

"கெணத்துக்குள்ளயா சட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டுச்சோறு போட்டுக் கூட்டியாந்த பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போறது எந்த ஊரு வழக்கமுங்க? தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான். ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். தண்ணி சரியாகட்டும், நானே கொண்டாந்து உடறேன்."

இந்து என்ன சொல்வாள் என்று பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "அப்பா, நாலு நாளா குளிச்சா தலை சுத்துதுங்கப்பா. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லல."

கார் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தால் வண்டி கிளம்பியாக வேண்டும். நான் வாசலுக்கு வரவில்லை. உள்ளே நின்று அவர் வாங்கி வந்த கொய்யாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பழம்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

எதிர்வீட்டு மரகதம் வாசல் கூட்டுகிற மாதிரி நின்று கேட்டாள். "என்னுங்கண்ணா, பிள்ளையப் பெத்து அனுப்புவீங்கன்னு பாத்தா, வந்த வேகத்துல போயிருச்சாமா?"

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததால் ஆசையாகக் கூப்பிட்டார் என்று சொன்னேன். மாப்பிள்ளை இருப்பது பெங்களூரில் என்று மரகதத்துக்குத் தெரியும்.

மெக்கானிக் நேற்றே வந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். கசிவு இல்லையாம். அவருக்கு வேலை தெரியாது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். கிணற்றுத் தண்ணீரை முறையாகப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சம்பந்தி கையில் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பதுபோல விரலில் எச்சில் தொட்டுக் கொடுக்க வேண்டும்.

பங்க் முதலாளி கந்தப்பனிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு என்னைவிட ரோஷம்.

"நம்ம டேங்க்குல இருந்தா? அங்கமுத்து, எங்கப்பா காலத்து டேங்க்கு அது. ஒரு சொட்டு வெளிய போகாது. உங்க சம்பந்தி என்ன, பெரிய இஞ்சினியரா?"

"கண்டக்டருங்க."

"பின்ன? நான் ஆயில் கம்பெனிக்கு எழுதிப் போடறேன். வந்து நோண்டிப் பாக்கட்டும். நீ ரிப்போர்ட்டக் கொண்டுபோயி அவரு முகத்துல வை."

ஆக, இந்தப் பரிசோதனையைக் கேட்டது நானும் முதலாளியும். ஒன்றுமில்லை என்று நிரூபிக்க இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வரவழைத்தோம். பின்னால் யாராவது கேட்டால் அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு.

பிப்ரவரி 27, வியாழன்

கம்பெனி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். பர்வீன் பானு என்று ஒரு இஞ்சினியர், சென்னைப் பெண், முப்பது வயது இருக்கும். முழங்கால்வரை பூட்ஸ். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்த எண்ணெயைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதே வேலையாம். அப்படி ஒரு வேலை இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். அவளோடு துளை போடும் மெஷின், இரண்டு ஆட்கள்.

கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தாள். பெட்ரோல் ஆவி காற்றில் இருந்தால் கத்தும்.

"நாத்தம் என் சட்டையிலிருந்துதான் வருதுன்னு வீட்ல ஒரு பேச்சு இருக்குதுங்க" என்றேன்.

"அதையும் பாத்துடலாம்ணா."

கொட்டாய்க்குப் போய்ச் சட்டைக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்தாள். சும்மா ஒரு முனகல் முனகியது. என் கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தேன். கொஞ்சம் பலமாகக் கத்தியது. கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைக்கச் சொன்னாள். வாளிக்கு மேலே பிடித்ததும் அது போட்ட சத்தத்தில் மரகதம் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

தெய்வானை என் சட்டையைக் கொட்டாயிலிருந்து எடுத்து வந்து வீட்டுக்குள் கொடியில் மாட்டினாள். சட்டைக்கு விடுதலை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

பங்க்குக்குள் மூன்று இடம், பக்கத்துச் சந்தில் ஒரு இடம், எங்கள் கொல்லையில் ஒரு இடம் என்று துளை போட்டார்கள். ஒவ்வொரு அடியிலும் வந்த மண்ணை எடுத்துப் பாட்டிலில் அடைத்து, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மேல் மண் சிவப்பு. பங்க் பக்கம் ஆழம் போகப் போகச் சாம்பல் நிறம்.

கடைசியாக எங்கள் கிணற்றில் ஒரு கண்ணாடி மாதிரியான நீளக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கித் தூக்கினாள் பர்வீன். வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். கீழே தண்ணீர். தண்ணீருக்கு மேலே, தனியாக, விரல்கணு அளவுக்குத் தேன் நிறத்தில் இன்னொன்று.

"இது என்னன்னு தெரியுதாண்ணா?"

"தெரியாம என்னங்க. இருபது வருசமா அளந்து ஊத்தறேன்."

"தண்ணிய விட லேசு. அதனால மேல மிதக்கும். நிலத்தடித் தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே மெதுவா நகரும். பங்க்லேர்ந்து உங்க வீட்டுப் பக்கம்தான் சரிவு. அந்தப் பாதையில முதல்ல இருக்கறது உங்க கிணறு."

"அப்ப எனக்கு வீட்டுக்கே டெலிவரி" என்றேன்.

அவள் சிரித்தாள். முதலாளி கந்தப்பன் சிரிக்கவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பங்க்கை அன்றைக்கே மூடச் சொன்னது அவர்தான், கம்பெனி இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

தெருவில் யாரும் கிணறு, போர் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, வீட்டுக்கு வீடு லாரித் தண்ணீர் விட்டார்கள். மற்ற வீடுகளில் இன்னும் படலம் வரவில்லை. மரகதம் இப்போது என்னை அண்ணா என்று கூப்பிடுவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

லேப் ரிப்போர்ட் வந்தது. பென்சீன் என்று ஒன்று இருக்கிறதாம். பெட்ரோலில் இருப்பது. இருக்கலாம் என்கிற அளவுக்கும் எங்கள் கிணற்றில் இருக்கிற அளவுக்கும் நடுவே நிறைய சைபர்.

"குடிக்கலீங்களே, குளிக்கத்தானே வச்சிருந்தோம்" என்றேன்.

பர்வீன் கொஞ்சம் தயங்கினாள். "சூடு பண்ணிக் குளிச்சா ஆவி மூச்சு வழியா உள்ள போகும்ணா. கதவு சாத்துன ரூம்னா இன்னும் அதிகம். அதுவும் கர்ப்பிணிப் பொண்ணுன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்து வந்த நாள் முதல் தெய்வானை அவளுக்கு அண்டா நிறைய வெந்நீர் வைத்தாள். உடம்பு வலிக்கு நல்லது, நிதானமாகக் குளி, காற்று படாமல் கதவைச் சாத்திக்கொள் என்று சொன்னது நான்.

"குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"நான் டாக்டர் இல்லண்ணா. கொஞ்ச நாள்தானே இருந்தாங்க, உடனே போயிட்டாங்க, அது பெரிய விஷயம். ஆனா இந்த ரிப்போர்ட்ட டாக்டர்கிட்டக் காட்டிடுங்க."

சாயங்காலம் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கனவே கத்திரிக்காய் இருந்தது.

மார்ச் 12, புதன்

இந்துவுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போனேன். சட்டம் போடவில்லை.

சம்பந்தி திண்ணையில்லாத அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் தயாராகத்தான் போனேன். "நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா" என்று ஆரம்பிப்பார், அந்தக் குரலுக்குத் தெருவே கூடும், எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸிலேயே பயிற்சி எடுத்திருந்தேன்.

அவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வாங்க, டாக்டரம்மாவ பாத்துட்டு வந்தர்லாம்" என்றார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். ரத்தமும் எடுத்தார். குழந்தை வளர்ச்சி சரியாக இருக்கிறது, சீக்கிரம் வெளியே போனது நல்லதாயிற்று, பிறக்கிறவரை அடிக்கடி பார்த்துக்கொள்வோம் என்றார். பிறக்கிறவரை என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது.

வெளியே வந்து சம்பந்தி டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதும் ஒரு குத்தல் பேச்சுக்கூடப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

டேங்க்கைத் தோண்டி எடுத்தார்கள். டேங்க்கில் ஓட்டை இல்லை. டேங்க்கிலிருந்து பெட்ரோல் போடும் மெஷினுக்கு வரும் குழாயில் ஒரு இணைப்பு அரித்துப் போயிருந்தது. ஒவ்வொரு தடவை மெஷின் ஓடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் போயிருக்கிறது. ஒரே இடத்தில் நின்று எத்தனை வண்டிக்குப் போட்டேனோ, அத்தனை தடவையும் என் கிணற்றுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

கந்தப்பன் முதலாளி குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அந்த இணைப்பையே பார்த்தார்.

"எங்கப்பா டேங்க்கப் பத்திப் பேசுனாரு, குழாயப் பத்திப் பேசவே இல்ல அங்கமுத்து."

"எங்கப்பாவும் கெணத்தப் பத்தித்தானுங்க பேசுனாரு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சுத்தம் செய்யும் வேலையில் பர்வீனுக்கு உதவியாகப் போட்டிருக்கிறார். சிந்தியவனே அள்ள வேண்டும் என்பது நியாயம்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை இப்படி: எங்கள் கிணற்றிலும் சந்தில் போட்ட துளையிலும் பம்ப் வைத்து மிதக்கும் எண்ணெயைத் தனியாக உறிஞ்சுகிறார்கள். அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக் கரி நிரப்பிய பெரிய டிரம்களில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். தோண்டிய மண்ணைத் தார்ப்பாய் மேல் பாத்திபோலக் குவித்து, நடுவே ஓட்டை போட்ட குழாய்களைப் புதைத்துக் காற்று ஊதுகிறார்கள்.

மண்ணிலேயே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயைத் தின்னுமாம். அதுகளுக்குக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், கொஞ்சம் யூரியாவும் வேண்டும். என் வேலை தண்ணீர் தெளிப்பது, மண்ணைப் புரட்டிவிடுவது.

தெய்வானை ராசிபுரத்தில் இருக்கிறாள். மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அம்மா பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். நான் இங்கே தனியாகப் புளிக்குழம்பு வைத்து, நானும் நுண்ணுயிர்களும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். என் குழம்பை நான் தின்பதைப் பார்த்தால், அதுகள் பெட்ரோலைத் தின்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒன்றும் எழுத ஓடவில்லை. மண் புரட்டினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. கை, கால், கண், காது, மூச்சு எல்லாம் சரி என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னாராம். மூன்று தடவையும் கேட்டது சம்பந்திதானாம்.

போனில் குழந்தையின் அழுகையைக் கேட்க வைத்தார்கள். அப்படியே சம்பந்தி குரல். பின்படிக்கட்டுவரை கேட்கும்.

மண் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் ஓடி வந்து என்னாச்சுண்ணா, வெயிலா என்றாள். ஆமாம் வெயில் என்றேன். மேகமூட்டமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

போய்ப் பார்த்து வந்தேன். தெய்வானை வாசலிலேயே நிறுத்தி வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். லாரித் தண்ணீரில் குளித்ததால் பாஸ்.

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நான் பயப்படவே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரே நாள்ல ஏழு தடவ போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேட்டது யாருங்கப்பா?"

சம்பந்தி, கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் பென்சீன், கரி டிரம், நுண்ணுயிர் என்று சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார். கிளம்பும்போது, "வாரம் ஒருக்கா எனக்கு நெலவரம் சொல்லுங்க" என்றார். மேலதிகாரி மாதிரி. பெண்ணைக் கொடுத்தவன், சரிங்க என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

வாராவாரம் சம்பந்திக்குப் போன் செய்வது பழக்கமாகிவிட்டது. முதலில் கிணற்று நிலவரம் சொல்வேன். பிறகு அவர் பேத்தி நிலவரம் சொல்வார். கிணற்றில் மிதந்தது போய்விட்டது. பேத்திக்குத் தலை நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் முன்னேற்றம்.

மண் குவியலை அள்ளி முகர்ந்து பார்த்த பர்வீன், "மழை மண் வாசம் வருதுண்ணா" என்றாள். நானும் முகர்ந்தேன். எனக்கும் வந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் பங்க் மூடிக் கிடந்ததில் என் மூக்குக்கு லேசாக உயிர் வந்திருக்கிறது போல.

ஜூலை 9, புதன்

புதுக் குழாய், புது டேங்க், கசிந்தால் கத்துகிற கருவியோடு பங்க் திறந்தது. முதல் வண்டி மரகதத்தின் ஸ்கூட்டர். "அண்ணா, நூறு ரூவாய்க்குப் போடுங்க. வண்டிக்கு மட்டும்" என்றாள். மறுபடி அண்ணா ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கிணற்று ரிப்போர்ட். பென்சீன் என்ற வரிக்கு நேரே "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. இவ்வளவு அழகான வார்த்தையை என் பத்தாவது மார்க்கு சீட்டில்கூடப் பார்த்ததில்லை.

பர்வீன் என்னைப் பூமிக்கு இறக்கினாள். "இது ஒரு தடவ வந்த ரிசல்ட்தாண்ணா. சந்துல போட்ட துளையில இன்னும் கொஞ்சம் இருக்கு. மழைக்குத் தண்ணி ஏறும்போது மண்ணுல ஒட்டிட்டு இருக்கறது மறுபடி வரலாம். பம்ப் ஓடட்டும். இன்னும் ரெண்டு தடவ இதே மாதிரி வரணும். அதுவரைக்கும் துணி துவைங்க, வாசல் தெளிங்க. குழந்தைய மட்டும் இதுல குளிப்பாட்ட வேணாம்."

வரிக்கு வரி சம்பந்தியிடம் போனில் சொன்னேன். கடைசியில் சொன்னதையும் சொன்னேன். மறைத்திருக்கலாம். மறைக்கத் தோன்றவில்லை.

அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆவணியில நல்ல நாள் பாக்கறனுங்க" என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

இந்துவும் பேத்தியும் வந்தார்கள்.

தெய்வானை காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்ததில் ஒரு புடவை கிழிந்தது. கார் வந்து நின்றதும் ஆரத்தி எடுத்தாள். மரகதம் உட்படத் தெருவே வந்து நின்றது. முதலாளி கந்தப்பன் பங்க்கிலிருந்து மதில் வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றார். இந்துவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மதிலுக்கு மேலே காட்டினாள். அவர் அதைத் தொடாமல் கும்பிட்டார்.

சம்பந்தி காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே மூன்று இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள்.

தெய்வானையின் முகம் சுருங்கிவிட்டது. என் காதருகே வந்து, "ரிப்போர்ட் வந்தும் நம்ம வீட்டுத் தண்ணிய நம்பலீங்களா இவரு?" என்றாள். ஏழு மாதத்துக்கு முன்னால் என்றால் நான் அவளைவிடப் பெரிதாக முகத்தைத் தூக்கியிருப்பேன்.

"குழந்தைக்குங்க" என்றார் சம்பந்தி, முதல்முறையாகக் கொஞ்சம் தணிந்த குரலில். "அந்த இஞ்சினியர் பொண்ணு சொல்லுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வாரா வாரம் நானே கொண்டாந்து போட்டுட்டுப் போறேன்."

நான் ஒரு கேனைத் தூக்கித் தோளில் வைத்தேன். அவர் இன்னொன்றைத் தூக்கினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டு கிழவர்களும் கேனோடு வாசற்படியில் முட்டிக்கொண்டோம். யார் முதலில் நுழைவது என்று தெரியவில்லை. உள்ளே பேத்தி அழ ஆரம்பித்தாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பேசுவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாயையும் திறந்தேன்.

"காப்பி ஆறுதுங்க சம்பந்தி, வாங்க" என்றேன்.

சொல்ல வந்தது வேறு. அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்காமல், என் பெண்ணை என் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனீர்களே, அதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.